டிவியையே கம்ப்யூட்டர் மானிட்டராகவும் வைத்துக்கொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எக்செல், ராத்திரி கிரிக்கெட். இரண்டுக்கும் ஒரே திரை போதும் என்று நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள் இவை. வாங்கிய பிறகு கேட்கும் கேள்விகளும் உண்டு, அவைதான் அதிகம்.

டிவி, மானிட்டர் இரண்டுமே எல்சிடி பேனல்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

பேனலில் பெரிய வித்தியாசம் இல்லை. (கடையில் "எல்இடி டிவி" என்று விற்பதும் எல்சிடிதான். பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எல்இடி.) வித்தியாசம் அதற்குள் இருக்கும் சர்க்யூட் செய்யும் வேலையில். கம்ப்யூட்டர் என்ன அனுப்புகிறதோ அதை மானிட்டர் அப்படியே காட்டிவிடும். டிவியோ, வருவது எல்லாமே சினிமா, சீரியல் என்று வைத்துக்கொண்டு படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும், விளிம்புகளைக் கூராக்கும், நிறத்தைத் தூக்கிக் காட்டும், அசைவை மழுங்கவிடாமல் இழைக்கும். நடிகரின் முகத்துக்கு இதெல்லாம் நல்லதுதான். எழுத்துக்கு ஒவ்வொன்றும் கெடுதல்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, "எதையும் தொடாமல் சும்மா இரு" என்றால் கேட்கிற டிவி. அடுத்தது, நீங்கள் உட்காரும் தூரத்துக்குப் பொருத்தமான அளவு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பிராண்ட் எதுவானாலும் சமாளித்துவிடலாம்.

32 இன்ச் வாங்கலாமா, 43 இன்ச் வாங்கலாமா?

முதலில் டேப் எடுத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அளந்துகொள்ளுங்கள். அளவை அதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். ஒரு பிக்சலின் அகலத்தைச் சுமார் 3,400ஆல் பெருக்கினால் வரும் தூரத்துக்கு அப்பால், புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது என்று இதை வைத்துக் கணக்குப் போடலாம். சாதாரண 24 இன்ச் ஃபுல் எச்டி (1920 × 1080 பிக்சல்) மானிட்டருக்கு அந்தத் தூரம் சுமார் 95 சென்டிமீட்டர். 32 இன்ச் ஃபுல் எச்டி டிவிக்கு ஒன்றேகால் மீட்டர். அதே 32 இன்ச் "எச்டி ரெடி" (1366 × 768 பிக்சல்) என்றால் 1.8 மீட்டர். 43 இன்ச் ஃபுல் எச்டிக்கு 1.7 மீட்டர். 43 இன்ச் 4கே (3840 × 2160 பிக்சல்) என்றால் 85 சென்டிமீட்டர்தான்.

கடைசிக் கணக்கைப் பாருங்கள். 43 இன்ச் 4கே டிவியில் ஒரு இன்ச்சுக்கு 102 பிக்சல் வருகிறது. 24 இன்ச் மானிட்டரில் 92தான். அதாவது எழுத்து மானிட்டரைவிட ஒரு படி நெருக்கமாகவே அமையும். இன்னொரு விதமாகச் சொன்னால், நான்கு இருபத்தொன்றரை இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்களை நடுவில் சட்டம் இல்லாமல் ஒட்டி வைத்ததற்குச் சமம். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்திலேயே விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், மேஜையில் வைத்து வேலையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு 43 இன்ச் 4கே ஒன்றுதான் உருப்படியான அளவு. ஆனால் மேஜையின் ஆழம் முக்கியம். கடைகளில் கிடைக்கும் பல கம்ப்யூட்டர் மேஜைகளுக்கு இரண்டடி ஆழம்தான். அதில் 95 சென்டிமீட்டர் அகலத் திரையை வைத்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் மாட்டி, மேஜையைச் சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

50, 55 இன்ச்?

மேஜைக்கு வேண்டாம். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, மடியில் கீபோர்டு வைத்து, படம் பார்ப்பதோடு எப்போதாவது இணையம் பார்க்க என்றால் சரி. அப்போது ஸ்கேலிங்கை 200 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியில் "எச்டி ரெடி, 1080பி சப்போர்ட்" என்று போட்டிருக்கிறது. அது ஃபுல் எச்டிதானே?

இல்லை. இந்த ஒரு வரியில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். 1080பி சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பேனலில் இருப்பது 1366 × 768 பிக்சல், மொத்தம் பத்தரை லட்சம். ஃபுல் எச்டியில் இருபது லட்சத்துக்கும் மேல். கம்ப்யூட்டர் 1080 வரிசை அனுப்பும், டிவி அதைப் பிசைந்து 768 வரிசையில் அடைக்கும்.

படத்தில் இது தெரியாது. தமிழ் எழுத்தில் உடனே தெரியும். விண்டோஸில் 9 பாயின்ட் எழுத்து என்பது மொத்தமே 12 பிக்சல் உயரம். அதற்குள் 'ண்' வர வேண்டும் என்றால் மூன்று சுழி, அதற்கு மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிக்சல், அதிகம் போனால் இரண்டு. 1080ஐ 768ஆகச் சுருக்கும்போது அந்தப் புள்ளி சாம்பல் நிறக் கறையாகி மேல் வரியில் கரைந்துவிடும், 'க்' எது 'க' எது என்று ஊகித்துப் படிக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் புள்ளி போனாலும் படித்துவிடலாம், தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

சரி, கம்ப்யூட்டரையே 1366 × 768 அனுப்பச் சொல்லலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால் சில கிராஃபிக்ஸ் கார்டுகள் 1360 என்றுதான் அனுப்பும். பல டிவிகள் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக 720, 1080 என்ற இரண்டைத் தவிர வேறு எதையும் கம்ப்யூட்டரிடம் சொல்வதே இல்லை. 32 இன்ச்தான் வேண்டும் என்றால் ஃபுல் எச்டி மாடலைத் தேடிப் பிடியுங்கள். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் 1920 × 1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவியில் இணைத்தால் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. ஏன்?

இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். படக்குழாய் டிவி காலத்தில் ஒளிபரப்பின் ஓரங்கள் பிசிறடிக்கும் என்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்தார்கள். படக்குழாய் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

ஓரம் தெரியாதது சின்ன நஷ்டம்தான். படத்தைப் பெரிதாக்கியதால் எழுத்து முழுக்க மங்குவதுதான் பெரிய நஷ்டம். கிராஃபிக்ஸ் கார்டு செட்டிங்கில் போய் படத்தைச் சுருக்கி டாஸ்க்பாரை உள்ளே கொண்டுவருபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் ஒருமுறை சுருக்கும், டிவி ஒருமுறை விரிக்கும், எழுத்து இரண்டு முறை கெடும். சரிசெய்ய வேண்டிய இடம் டிவியின் ரிமோட். படத்தின் அளவு மெனுவில் எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சங்கில் "ஃபிட் டு ஸ்கிரீன்" அல்லது "ஸ்கிரீன் ஃபிட்", சோனியில் "ஃபுல் பிக்சல்" என்று இருக்கும். அப்படி எதுவுமே இல்லாத டிவி மானிட்டர் வேலைக்கு ஆகாது.

ஓரமெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சிவப்பு, நீல எழுத்துகள் மட்டும் கசங்கித் தெரிகின்றன.

டிவி நிறத்தில் பெரும்பகுதியை வீசிவிடுகிறது. வீடியோவில் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. கண் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைச் சுமாராகவும் பார்ப்பதால், 4:2:0 என்கிற முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் தனியாக இருக்கும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். நாலு வீட்டுக்கு ஒரே தெருக்குழாய் மாதிரி. சினிமா எல்லாம் இப்படித்தான் வருகிறது, யாருக்கும் குறை தெரிவதில்லை. ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் எழுத்தின் கோடே ஒரு பிக்சல் அகலம்தான், பக்கத்து மூன்று பிக்சல்களும் அதே நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு வேண்டியது 4:4:4, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் தனி நிறம். பல டிவிகளில் இந்த வசதி இருக்கும், ஆனால் தானாக வேலை செய்யாது. சாம்சங், எல்ஜி டிவிகளில் இன்புட் பட்டியலுக்குப் போய், கம்ப்யூட்டர் செருகியிருக்கும் எச்டிஎம்ஐக்கு "பிசி" என்று பெயரோ ஐகானோ மாற்ற வேண்டும். வெறும் பெயர் மாற்றத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் மென்பொருள் தன் வேலைகளை நிறுத்துகிறது. சோனியில் பிக்சர் மோடை "கிராஃபிக்ஸ்" அல்லது "கேம்" என்று வைக்க வேண்டும். 4கே டிவிகளில் இதோடு, அந்த எச்டிஎம்ஐ போர்ட்டை முழு வேகத்துக்குத் திறந்துவிடும் செட்டிங் ஒன்றும் இருக்கும். எல்ஜியில் அது "டீப் கலர்", சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மேட்".

அப்படியும் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் தெரிந்தால், ஷார்ப்னெஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நிழல் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பூஜ்யத்தில்தான் சரியாக வரும் என்று சட்டம் இல்லை, சில டிவிகளில் நடுவில்தான் சரியான புள்ளி இருக்கும். இன்னொன்று: சில பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை தலைகீழாக இருக்கும். விண்டோஸில் கிளியர்டைப் என்று தேடினால் வரும் சோதனையில் எந்தப் பெட்டி தெளிவாகத் தெரிகிறது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் அது சரியாகிவிடும்.

மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கொஞ்சம் தாமதமாக வருகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். தள்ளாடி, சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தால், டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் "மெருகேற்ற" நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அசைவை இழைக்கும் வசதிகள் இயங்கும்போது சில டிவிகளில் இது நூறு மில்லிசெகண்டையும் தாண்டும். கேம் மோடு அல்லது மேலே சொன்ன பிசி மோடு போட்டால் சரியாகும்.

அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவினால் காரணம் வேறு: உங்கள் 4கே இணைப்பு 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று காட்டும்.

30 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே என்றால் நொடிக்கு 30 ஃபிரேம்தான். 2013இல் வந்த 2.0இல்தான் 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும், அதற்கு நொடிக்கு 18 கிகாபிட் வேகம் வேண்டும். லேப்டாப், இடையில் இருக்கும் அடாப்டர், கேபிள், டிவியின் போர்ட் என்று எல்லாமே அந்த வேகத்துக்கு வர வேண்டும், எது ஒன்று பழையதாக இருந்தாலும் மொத்தமும் இறங்கிவிடும். பல வீடுகளில் மாட்டுவது டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவு விலை அடாப்டர்தான். பெட்டியில் "4கே" என்று பெரிதாகவும் "30 ஹெர்ட்ஸ்" என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் போட்டிருப்பார்கள். 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டதையே வாங்குங்கள். கேபிளில் "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்ற சான்று இருந்தால் போதும். தங்க முலாம் பூசிய கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம்.

எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) டெஸ்க்டாப் வேலைக்கு அணைத்து வையுங்கள். அது கேட்கும் 10 பிட் நிறமும், 60 ஹெர்ட்ஸும், 4:4:4ம் சேர்ந்தால் 18 கிகாபிட்டில் அடங்காது. இடம் போதாமல் முதலில் வெட்டுப்படுவது எழுத்தின் நிறம்தான்.

"மோஷன் ரேட் 120", "200" என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே?

விளம்பர எண். ஸ்பெசிஃபிகேஷனில் "நேட்டிவ்" ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று பாருங்கள். சாதாரண விலையில் கிடைக்கும் டிவிகளில் பெரும்பாலும் 60தான். அலுவலக வேலைக்கு அது போதும்.

ஐபிஎஸ் பேனலா, விஏ பேனலா?

இரண்டும் எல்சிடி பேனலின் வகைகள்தான். விஏவில் கறுப்பு கறுப்பாக இருக்கும், விளக்கை அணைத்துப் படம் பார்க்க நல்லது. ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

மேஜையில் முக்கால் மீட்டரில் 43 இன்ச்சை வைத்தால் நேராக உட்கார்ந்திருந்தாலும் ஓரங்களைச் சாய்வாகத்தான் பார்க்கிறீர்கள். விஏவில் நடுவில் இருக்கும் வெள்ளைக்கும் ஓரத்தில் இருக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். வேலை முக்கியம் என்றால் ஐபிஎஸ். சிக்கல் என்னவென்றால், எந்தப் பேனல் என்று பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள், ஒரே மாடலில் இரண்டும் வருவதுண்டு. கடையில் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுதான் ஒரே வழி.

இரண்டு மணி நேரத்தில் கண் எரிகிறது.

டிவியை ஷோரூம் வெளிச்சத்திலேயே விட்டிருப்பீர்கள். "விவிட்" மோடை மாற்றுங்கள். அப்புறம் பின்விளக்கைக் குறையுங்கள். பல டிவிகளில் "பிரைட்னெஸ்" என்பது கறுப்பின் அளவை மாற்றுவது, விளக்கு "பேக்லைட்" என்ற பெயரில் இருக்கும். தெரியாமல் பிரைட்னெஸைக் குறைத்தால் இருண்ட பகுதிகள் எல்லாம் மைபோல ஆகிவிடும், விளக்கு அப்படியே எரியும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெற்று வேர்ட் பக்கம் அதைவிடப் பளீரென்று தெரியாத வரை குறைத்துக்கொள்ளுங்கள். சில டிவிகளில் விளக்கை மிகவும் குறைத்தால் அது வேகமாக அணைந்து எரியும், சிலருக்கு அதனாலேயே தலைவலி வரும். அப்படியானால் விளக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு அறையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

திரையின் உச்சி கண் மட்டத்தில் இருக்கட்டும். ஹாலில் மாட்டுவதுபோல அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டினால் கழுத்து போய்விடும்.

கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் டிவி எழுவதில்லையே?

எழாது. மானிட்டர் சிக்னலைப் பார்த்து அணையும், எரியும். டிவி "நோ சிக்னல்" என்று கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அணைந்துவிடும், திரும்பப் போட ரிமோட்தான். டிவியோடு பேசி எழுப்பும் சிஇசி வசதி பெரும்பாலான கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டுகளில் இல்லை. இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும், ரிமோட்டை மேஜையிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஸ்மார்ட் டிவிதானே, கேபிள் இல்லாமல் வைஃபை மூலம் லேப்டாப்பைக் காட்டினால் போதாதா?

போட்டோ காட்ட, வீடியோ காட்டப் போதும். வேலைக்குப் போதாது. கம்பியில்லாமல் போகும்போது படம் சுருக்கப்பட்டுத்தான் போகிறது, எழுத்து மங்கும், மவுஸ் பின்தங்கும்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

லேப்டாப்பும் உங்கள் எச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், அதில் எல்லா டிவியும் அழகுதான். கிளம்பும் முன் வேர்டில் ஒரு பக்கம் தயார் செய்துகொள்ளுங்கள்: பக்கத்தின் நிறம் கறுப்பு, நிர்மலா யூஐ எழுத்துரு, 9 பாயின்ட், "மண்ணெண்ணெய்" என்ற ஒரே சொல்லைச் சிவப்பில் ஒரு வரி, நீலத்தில் ஒரு வரி, வெள்ளையில் ஒரு வரி. டிவியில் போட்டு, வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று பாருங்கள். வெள்ளை வரியில் 'ண்' புள்ளி தெரியவில்லை என்றால் ரெசல்யூஷனோ ஓவர்ஸ்கேனோ காரணம். வெள்ளை நன்றாக இருந்து சிவப்பு மட்டும் கசங்கினால் நிறச் சிக்கல், ரிமோட்டை வாங்கி பிசி மோடு இருக்கிறதா என்று தேடுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இருபதாயிரத்துக்கு மேல் கொடுப்பது நீங்கள்.

செலவு எப்படி? கரன்ட் பில் ஏறுமா?

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. "32க்குள் வாங்கினால் வரி குறைவு" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

கரன்ட் ஏறும். 24 இன்ச் மானிட்டர் சுமார் 25 வாட் என்றால் 43 இன்ச் டிவி 85 வாட் வரை இழுக்கலாம். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் நம் மின்வாரியத்தின் இரண்டு மாத பில்லில் 29 யூனிட் அதிகம். பின்விளக்கைக் குறைத்தால் இதுவும் குறையும். வாரண்டியையும் பாருங்கள், நல்ல மானிட்டர்களுக்கு மூன்று வருடம் தருவது வழக்கம், டிவிக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். அலுவலகத்தில் வைத்தால் அந்த ஒரு வருடமும் கிடையாது என்று சிலர் கையை விரிப்பார்கள், வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் எல்லோரும் டிவி பார்க்கும் நேரத்தில்தான் உங்களுக்கு வேலையும் வரும் என்றால், ஒரு 24 இன்ச் மானிட்டரும் ஒரு சாதாரண டிவியும் தனித்தனியாக வாங்குவதே மேல். சண்டையாவது மிச்சம்.

ஓஎல்இடி வாங்கலாமா?

ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். அதில் டாஸ்க்பார் மாதிரி அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியும் அபாயம் உண்டு. வேலைக்கு எல்சிடியே நிம்மதி.

வீட்டில் பழைய எச்டி ரெடி டிவி சும்மா கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

பின்னால் பதினைந்து ஓட்டை உள்ள நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறதா பாருங்கள். "பிசி இன்" என்று எழுதியிருக்கும். எச்டிஎம்ஐயில் கொடுக்காத 1366 அல்லது 1360 × 768ஐப் பல டிவிகள் அந்த வழியில் கொடுக்கும், ஓவர்ஸ்கேனும் வராது. கம்ப்யூட்டரில் விஜிஏ இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சத்தத்துக்குத் தனியாக ஒரு 3.5 மில்லிமீட்டர் வயர் செருக வேண்டும், பல டிவிகளில் அதற்கான துளை விஜிஏவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். படம் ஒரு பக்கம் தள்ளி வந்தால் மெனுவில் "ஆட்டோ அட்ஜஸ்ட்" கொடுங்கள். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ள அது தாராளமாகப் போதும்.